காப்பு இரவில் உறங்கியவர்கள்

கண்ணாடியைப் பாதி இறக்கிவிடுங்கள் அம்மா. கொடைக்கானல் தாண்டும்வரை சாரல் உள்ளே அடிக்கும். பையை மடியில் வைத்திருந்தால் வளைவுகளில் கை வலிக்கும். காலடியில் வையுங்கள். மஞ்சம்பாறையிலிருந்து வத்தலக்குண்டுக்கு நான்கு மணி நேரம். நடுவே தேநீருக்கு நிறுத்துவார். எங்கே நிறுத்துவார் என்பது ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. மற்றபடி ஒழுங்கான வண்டி. முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் ஊர் அஞ்சலகத்தை நான் நடத்தினேன். இந்த வண்டியில்தான் பை ஏற்றி அனுப்பினேன்.

உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் சஹானா, பெங்களூரு. பாறைமேட்டுக் காட்டேஜில் பத்து நாள் தங்கி, கணினியில் வேலை பார்த்தீர்கள். வியக்க வேண்டாம். காப்பு கட்டிய அன்று மாலை ஒருத்தி கதவைத் தட்டி, பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டு போனாளே, அவள் நான்தான். தலையில் மப்ளர் சுற்றியிருந்தேன். அதனால் இப்போது அடையாளம் தெரியவில்லை. ஊரில் என்னைத் தபாலக்கா என்பார்கள். ஊர்ப் பட்டியல் என் பொறுப்பில் இருக்கிறது.

நேற்றோடு திருவிழா முடிந்தது. நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். நான் என் தம்பியைப் பார்க்கப் போகிறேன். சடையப்பன் என்று பெயர். வத்தலக்குண்டில் ஒரு பூண்டு மண்டியில் மூட்டை தூக்குகிறான். அவன் பெயர் ஊர்ப் பட்டியலில் இல்லை. அதை மீண்டும் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

எப்படி இல்லாமற்போனது என்று கேட்கிறீர்கள். முறையாகச் சொல்கிறேன். நான் யாரையும் குறை சொல்லவில்லை; நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன்.

எங்கள் முத்தாலம்மனுக்குச் சித்திரைக் கடைசிச் செவ்வாயில் திருவிழா. அதற்கு முந்தைய செவ்வாயில் காப்புக் கட்டு. அம்மன் கையில் மஞ்சள் நூல் கட்டியபின் ஊரார் ஒவ்வொருவர் கையிலும் கட்டப்படும். கட்டிய நேரம் முதல் அவிழ்க்கும் நேரம்வரை ஊரார் எவரும் எல்லைக்கு வெளியே உறங்கக் கூடாது. வெளியார் எவரும் எல்லைக்குள் உறங்கக் கூடாது. பகலில் போகலாம், வரலாம். உறக்கம் மட்டும் முறைப்படி. கிழக்கே எல்லைக்கல், மேற்கே ஓடை. இதில் புரியாதது ஒன்றுமில்லை. சின்னக் குழந்தைக்கும் புரியும்.

ஆனால் அம்மனுக்கு நாள் குறித்தவர்கள் பள்ளி விடுமுறையைக் கருதிக் குறிக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் மலைக்கு வருவதும் அதே சித்திரையில்தான்.

ஊரில் முதலில் அறை கொடுத்தவள் நான். ஓய்வு பெற்றபின் முன்னறை வெறுமையாகக் கிடந்தது. விதிகளை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை. உரக்கப் பாட்டு வைக்கலாகாது. மது, புலால் இல்லை. காலணி வெளியே. என் விருந்தினர் ஒருவரும் விதி மீறியதில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் விதி ஏதும் எழுதவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியுமா? நான் ஓர் அறையைத்தான் கொடுத்தேன். அவர்கள் வீட்டையே கொடுத்தார்கள்.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். அறை கொடுத்தவர் வீட்டில் இருப்பார். வீட்டைக் கொடுத்தவர் எங்கே இருப்பார்?

காப்புக் காலத்தில் எட்டு நாள் வெளியாரை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த எட்டு நாளில்தான் கூட்டம். ஆகவே ஒளித்துவைத்தார்கள். எங்கள் பெரியதனம் கொண்டல்சாமி, ஊர்த் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொழுது சாயுமுன் வீடு வீடாகச் சோதித்து வருவார். என் தம்பி வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சடையா, இது யாரு?"

"எங்க மாமன் மகன்."

"மாமன் மகனுக்கு முடி ஏம்ப்பா சோளநார் கணக்கா இருக்கு?"

"சின்னதுலயே வெளியூர்ல வளந்துட்டான் பெரியதனம். அங்க வெயிலு பத்தாதாம்."

"பேரு?"

"மாயாண்டி."

ஜெர்மன்காரர் எழுந்து கைகூப்பி, "மாயாண்டி" என்றார். பெரியதனத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊரே ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த ஜெர்மன்காரர் என் அறையில் தங்க வந்தவர். என் அறையில் ஆள் இருந்ததால் தம்பி வீட்டைக் காட்டினேன், அவ்வளவுதான். அம்மன் பெயரால் காப்பு கட்டிக்கொண்டு பொய் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் பொய் சொன்னார்கள். ஒரு வீட்டில் சித்தப்பா, ஒரு வீட்டில் கொழுந்தன். அந்த எட்டு நாளில் ஊருக்கு எங்கிருந்தோ நாற்பது உறவினர்கள் முளைத்தார்கள்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஐந்து ஆண்டு ஆகிறது. வெளியாரை உறங்கவிடக் கூடாது என்பதுதானே சிக்கல்? வெளியாருக்கும் காப்பு கட்டிவிடுவோம். கட்டியவர் ஊரார். போகும் அன்று எல்லைக்கல்லில் அவிழ்த்துவிடலாம். பொய்யும் வேண்டாம், இழப்பும் வேண்டாம்.  பெரியதனம் சொன்னார், "தபாலக்கா மண்டைய அம்மன்தான் செஞ்சிருக்கணும்."

ஆனால் ஒரு விதி வைத்தால் அதன் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. யார் ஊரார் என்ற கேள்வி வந்துவிட்டதல்லவா? ஆகவே எழுதினேன். காப்பு இரவில், அதாவது காப்பு கட்டிய அன்றிரவு, ஊரில் உறங்குபவரே ஊரார். மூன்று ஆண்டு தொடர்ந்து உறங்காத தலைக்கட்டு பட்டியலிலிருந்து நீங்கும். தலைக்கட்டு என்றால் குடும்பம். கோயிலுக்கு ஒரு பொங்கல் பானை, கூட்டத்தில் ஒரு கை, மந்தையில் ஒரு பங்கு. மூன்று ஆண்டு தொடர்ந்து உறங்கி, ஊரில் சொந்த வீடும் உள்ள தலைக்கட்டு பட்டியலில் சேரும். இரு பக்கமும் ஒரே அளவு. யாருக்கும் சலுகை இல்லை. படித்துக் காட்டினேன். அறுபத்தொரு தலைக்கட்டும் கைதூக்கின. என் தம்பியும் தூக்கினான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவனும் தூக்கினான்.

அந்த ஆண்டே வீடுகளுக்கு இன்னும் ஆள் வந்தது. குடும்பமாக வந்தவர்கள் அறை போதாது, முழுவீடு வேண்டும் என்றார்கள். என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு நான் என்ன செய்வது? தம்பி வீட்டைச் சொன்னேன். அவனுக்கு எழுத வராது. அவன் வீட்டைக் கைப்பேசியில் பதிந்து கொடுத்தவளும் நான்தான். படம் எடுத்து, அளவு எழுதி, 'முழுவீடு, தனிமை, ஓடைக் காட்சி' என்று போட்டேன். அவனுடைய மகள் நதியாவுக்குத் தேனியில் நர்சிங் படிப்பு. பூண்டு விலை படுத்துக் கிடந்தது. அவனுக்கும் வேறு வழியில்லை.

வீட்டைக் கொடுத்துவிட்டு அவனும் அவன் மனைவி பேச்சியக்காளும் ஓடைக்கு அப்பால் இருக்கும் பூண்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள். கொட்டகை ஓடையிலிருந்து நாற்பது அடி. கோயில் மேளம் அங்கே நன்றாகக் கேட்கும். 'மேளம் கேக்குற தூரம் ஊர்தானேக்கா' என்றான். ஓடைதான் எல்லை. நாற்பது அடியும் நான்கு மைலும் எல்லைக்கு ஒன்றுதான். முதல் ஆண்டு அவன் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். இரண்டாம் ஆண்டும் 'இல்லை'. ஒவ்வொரு முறையும் அவனிடம் எழுத்தில் தெரிவித்தேன். தெரிவிக்காமல் எதையும் நான் செய்ததில்லை.

தேநீருக்கு இங்கே நிறுத்துகிறார் பாருங்கள். இறங்குகிறீர்களா? வேண்டாம் என்றால் இருங்கள். இந்தக் கடையில் முன்பு பால் நன்றாக இருக்கும். இப்போது எல்லாம் பொடி.

மூன்றாம் ஆண்டைச் சொல்கிறேன்.

காப்புக்கு முந்தைய நாள் மாலை தம்பி என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றான். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வா என்றேன், வரவில்லை.

"அக்கா, அடுப்படியில ஒரு பாய் போடற எடம் குடு. நாளைக்கு ஒரு ராத்திரி. நானும் பேச்சியும் ஒருக்களிச்சுப் படுத்துக்கிறோம்."

உன் வீடு இருக்கிறதே என்றேன்.

"அதுலதான் நீ அனுப்புன ஆறு பேரு இருக்காங்க."

நான் அனுப்பவில்லை, கேட்டார்கள், காட்டினேன் என்றேன்.

"சரி, நீ காட்டல, அவுகளா வானத்துல இருந்து குதிச்சாக. எடம் தருவியா மாட்டியா?"

அம்மா, நீங்களே சொல்லுங்கள். பட்டியல் என் கையில் இருக்கிறது. பெயர் போகவிருக்கும் ஒருவனுக்கு, அவன் என் உடன்பிறந்தவன் என்பதால், நானே என் வீட்டில் இடம் கொடுத்து, நானே 'உறங்கினான்' என்று எழுதினால், ஊரில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? அக்காள் இருப்பவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு ஒரு நியாயம் என்று சொல்ல மாட்டார்களா? இதை அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன்.

முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு, "அடுப்படி சின்னது, எடம் இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்க்கா" என்றான். "இத நம்ப முடியல."

மறுநாள் இரவு மழை. ஓடைக்கு அப்பால் கொட்டகையில் விளக்கு எரிந்ததை என் வாசலிலிருந்து பார்த்தேன். 'இல்லை' என்று எழுதினேன்.

பேச்சியக்காளின் கதையும் இருக்கிறது. முளைப்பாரி என்று நேற்று தலையில் சுமந்து வந்தார்களே, மண்சட்டியில் பயறு போட்டு இருட்டில் எட்டு நாள் வளர்ப்பது. எங்கள் வீட்டுச் சட்டிதான் எழுபது ஆண்டாக முதற்சட்டி. என் அப்பாயி, என் அம்மா, பிறகு பேச்சியக்காள். வீட்டை வாடகைக்கு விட்டபின் இரண்டு ஆண்டு அவள் சட்டி போடவில்லை; அந்த ஆண்டு கொட்டகையில் வளர்த்தாள். திருவிழாவன்று அதை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தாள். நன்றாகவே வளர்ந்திருந்தது, ஒரு முழம் இருக்கும், வெள்ளையும் மஞ்சளுமாக. நான் தடுக்க வேண்டியதாயிற்று. அவள் காப்பு கட்டாதவள். சட்டியும் எல்லைக்கு வெளியே முளைத்தது.

"மதினி," என்றாள், "பயறுக்குமா எல்லை தெரியும்?"

பயறுக்குத் தெரியாது, பட்டியலுக்குத் தெரியும் என்றேன்.

அவள் சண்டை பிடிக்கும் குணமுள்ளவள். சந்தையில் தராசுக்காரனையே அழவைத்தவள். அன்று திரும்பிப் போய் ஓடைக்குள் இறங்கி, சட்டியை இடுப்பளவு நீரில் விட்டாள். அது கொஞ்ச தூரம் நேராக மிதந்து போயிற்று. அவள் அதைப் பார்க்காமலே கரையேறிவிட்டாள்.

நேற்று முதற்சட்டி சுமந்த அம்மாளை நீங்கள் படம் எடுத்தீர்கள், பார்த்தேன். அவர் கொச்சிக்காரர். மாத்யூ ஐயாவின் மனைவி. உங்கள் காட்டேஜ் அவர்களுடையதுதான். நன்றாகவே சுமந்தார். ஒரு தளிர் சாயவில்லை. குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் திருவிழா முடிந்ததும் பட்டியலைப் புதுப்பித்தேன். அறுபத்தொன்றில் இருபத்து மூன்று நீங்கின. எல்லாம் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கொட்டகையிலும், பட்டிவீரன்பட்டியில் உறவினர் வீட்டிலும் படுத்தவர்கள். பதினேழு சேர்ந்தன. எல்லாம் வீடு வாங்கி ஆண்டுதோறும் கோடையில் வந்து தங்குபவர்கள். கோடையில்தானே காப்பு. அவர்கள் ஒரு முறைகூடத் தவறியதில்லை. அவர்களுடைய ஒழுங்கை நான் மதிக்கிறேன். புதிதாக எழுதிய தாள் மிகத் தெளிவாக இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. தம்பியின் பெயர் ஒன்பதாம் வரியில் இருந்தது. அந்த வரியில் மாத்யூ ஐயாவின் பெயர் வந்தது.

பெயர் போனால் என்ன, பானை ஒன்றுதானே என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். புரட்டாசியில் தெரிந்தது.

ஊருக்குப் பொதுவாக ஒரு மந்தை. நீங்கள் பார்த்த கூடார முகாம் இருக்கிறதே, நீலமும் ஆரஞ்சுமாக, அந்தப் புல்வெளிதான். ஊர் மாடும் குதிரையும் மேயும் இடம். தம்பியிடம் நான்கு மட்டக்குதிரைகள் இருந்தன. படிக்கட்டு வயல்களிலிருந்து பூண்டு மூட்டையைச் சாலைக்குக் கொண்டுவருவது அவைதான். அவனுடைய பிழைப்பில் பாதி அது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து, மந்தையை முப்பது ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டார். கோயிலுக்குத் தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டுத் தருவதாகச் சொன்னார். கூட்டம் மந்தையிலேயே கூடியது; கோடை வீட்டுக்காரர்களும் அதற்கென்றே வந்திருந்தார்கள். பட்டியலில் உள்ளவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். மற்றவர்கள் அந்தப் பக்கம். கயிறு கட்டச் சொன்னவள் நான். இல்லையென்றால் எண்ண முடியாது.

கொடுக்கலாம் என்று இருபத்தொன்பது கை. கூடாது என்று இருபத்து நான்கு. பெரியதனம் கூட்டம் நடத்துபவர், நான் எண்ணுபவள், ஆகவே நாங்கள் இருவரும் தூக்கவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற இருபத்து மூன்று பேரும் கை தூக்கினார்கள். தூக்கிய கையை இறக்கவில்லை. தம்பி முன்னால் நின்றான்.

"அக்கா, இங்கயும் எண்ணு. இதுவும் நம்ம ஆத்தா பெத்த கைதான்."

நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் எண்ண வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். ஆகவே நிமிரவில்லை. ஒழுங்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

கூட்டிப் பார்த்தால் இருபத்து நான்கும் இருபத்து மூன்றும் நாற்பத்தேழாயிற்றே என்று பிறகு பலர் என்னிடம் வந்து கேட்டார்கள். பட்டியலில் இல்லாத பெயருக்குக் கை கிடையாது. கிடையாத கையை எப்படிக் கூட்டுவது?

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. ஐப்பசியில் வேலி வந்தது. குதிரைக்குப் புல் இல்லை. இரண்டு குதிரைகளைக் கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்குக் கொடுத்தான். ஒன்று பள்ளத்தில் விழுந்து செத்தது. ஒன்றைச் சும்மா கொடுத்தான். குதிரை இல்லாமல் மேல்வயலில் பூண்டு போட முடியாது. தை மாதம் வீட்டை மாத்யூ ஐயாவுக்கு விற்றுவிட்டு இறங்கிப்போனான். சொல்லிக்கொள்ள வரவில்லை. நதியா மட்டும் வந்தாள். "அத்தே, மாத்திரை பெட்டி மேல எழுதி வச்சிருக்கேன், காலைக்கு எது, ராத்திரிக்கு எதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுத்து சுமார்தான். ஆனால் வரிசை சரியாக இருந்தது.

அந்தப் பெண் இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். வர மாட்டாள்.

போன மார்கழியில் எனக்குக் காய்ச்சல். நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அவை கோடைக்குத் திறக்கும் வீடுகள். மூன்றாம் நாள் முன்னறை விருந்தினர் கதவைத் தட்டினார்கள். யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மணி ஆறாகிவிட்டது, வெந்நீர் வரவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். விதியில் ஆறு என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுந்து அடுப்பு மூட்டினேன்.

அதற்காகத் தம்பியை அழைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதில் பாசம் ஒன்றும் இல்லை. பட்டியல் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால், நீங்கியவர் திரும்பச் சேர்வதற்கும் ஒரு வழி இருக்க வேண்டும். அந்தப் பகுதியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த மாசியில் எழுதிச் சேர்த்தேன். கூட்டம் ஒப்பியது. இப்போது பட்டியலில் இருப்பவர்களில் பாதிப்பேர் கைப்பேசியிலேயே ஒப்புதல் அனுப்பிவிட்டார்கள்.

முந்தாநாள் தம்பியுடன் பேசினேன். இரண்டு ஆண்டில் முதல் முறை எடுத்தான்.

"வாக்கா. சோறு திங்கிறதுன்னா வா. தாளு கீளு கொண்டாராத."

உன் பெயரை மறுபடி சேர்க்க வழி இருக்கிறது என்றேன். மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டாம். மனுவும் சாட்சியும் இருந்தால், அடுத்த காப்பு இரவில் ஊரில் உறங்கினால் போதும்.

"எங்க ஒறங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான். "அந்த வீட்ல ஒரு ராத்திரிக்கு என்ன வாடகைன்னு தெரியுமாக்கா? எங்க மொதலாளி போன்ல காட்டுனாரு. ஓடைக் காட்சின்னு போட்டிருக்கு. எங்கப்பன் செத்த அறையில ஒரு ராத்திரி படுக்கணும்னா நான் இங்க பத்து நாளு மூட்டை தூக்கணும். பத்து நாளு தூக்குனா அப்பறம் ஒரு மாசத்துக்கு முதுகு நிமிராது. வேணாம்க்கா. அந்தத் தாள நீயே வச்சுக்க."

பேச்சியக்காள் பின்னாலிருந்து, "மதினிக்குக் கொழம்புல உப்பு கொறச்சுப் போடணுமா, முன்ன மாதிரியேவான்னு கேளு" என்றாள். அவன் கேட்கவில்லை. வைத்துவிட்டான்.

என் முன்னறையைக் கொடுக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நானும் நினைத்தேன். இப்போது நான் சாட்சியும் அல்லேன், பெயர் எழுதும் வேலையையும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பெரியதனத்திடம் ஒப்படைத்துவிடலாம். அந்தத் தடை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டுக் காப்பு வாரத்துக்கு அறையைப் பூனாவிலிருந்து வந்தவர்கள் நேற்றே கேட்டுவிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றுவது எப்படி? அதற்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம். முதலில் மனு ஏற்கப்படட்டும். ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும்.

அவன் வேண்டாம் என்கிறானே என்பீர்கள். வேண்டும், வேண்டாம் என்பது அவன் விருப்பம். ஊர்க்காரன் என்பது விருப்பமன்று, அது பதிவு. பதிவு சரியாக இருந்தால் மனம் பின்னால் வரும். வராவிட்டாலும் பதிவு சரியாக இருக்கும்.

இதோ, மலை இறங்கிக் காட்ரோடு வந்துவிட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் வத்தலக்குண்டு. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வண்டி நேரான சாலையில் ஓடும்போது எழுதுவது எளிது. அதனால்தான் இதுவரை கேட்கவில்லை.

இதுதான் மனு. 'மஞ்சம்பாறையில் பிறந்து ஐம்பத்திரண்டு ஆண்டு அங்கேயே வாழ்ந்த சடையப்பன் மஞ்சம்பாறையைச் சேர்ந்தவரே என்று உறுதி கூறுகிறேன்.' கீழே இரண்டு சாட்சிகள். சாட்சியின் தகுதியை நானே எழுதினேன். எந்தச் சாய்வும் வரக் கூடாது என்று எண்ணி எழுதினேன். உறவினர் ஆகாது. பங்காளி ஆகாது. வயல் அண்டை ஆகாது. மனுதாரருடன் பழகியவர் ஆகாது. ஆனால் இந்த ஆண்டு காப்பு இரவில் ஊரில் உறங்கியவராக இருத்தல் வேண்டும். எழுதி முடித்தபின்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் பிறந்த ஒருவரும் இதில் தேறவில்லை. உறவு இல்லாவிட்டால் வயல் அண்டை. இரண்டும் இல்லாவிட்டால் சேர்ந்து படித்தவர்.

முதற்சாட்சி கூடாரத்தில் தங்கிய ஓர் இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார், போட்டுவிட்டார். நீங்கள் படித்துப் பார்த்துப் போடுவீர்கள். அதுவே சிறப்பு.

என்ன யோசிக்கிறீர்கள்? அவனை நீங்கள் பார்த்ததே இல்லை. அவன் ஊர்க்காரன்தானா என்று எப்படி உறுதி கூறுவது என்றா? நான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவன் நடக்கப் பழகியது அந்த மந்தையில். அதெல்லாம் நான் சொன்னால் செல்லாது அம்மா. நீங்கள் அவனை அறியாதவர். அதனால்தான் உங்கள் சொல் செல்லும்.

இங்கே. முதற்சாட்சிக்குக் கீழே, இந்தக் கோட்டின்மேல்.